அந்த ஆள் இதில் இல்லை

இருபத்தொன்பது யூரோ.
இறக்கிக்கொள்ள நாற்பது நிமிடம்.
ரோவனியேமியில் நவம்பர். மூன்று மணிக்கே
இருட்டு வந்து ஜன்னலை அடைத்துக்கொண்டது.

திரையில் ட்ராக்கன் நிற்கிறது.
சுவீடன்காரன் வைத்த பெயர்:
பட்டம் என்றாலும் சரி,
தீ கக்கும் பாம்பு என்றாலும் சரி.
பதினாறு வருஷம் அதன் கீழே மல்லாந்து கிடந்தவனுக்கு
இரண்டுமில்லை.
எண்ணெய் சொட்டும் ஒரு வயிறு.

மேலே ஏறியவர்கள் வேறு ஆட்கள்.
நான் நூலைப் பிடித்தவன்கூட இல்லை,
அறுந்து விழுந்ததைப் பொறுக்கியவன்.

செய்த பையன்கள் கெட்டிக்காரர்கள், சொல்லத்தான் வேண்டும்.
ஏணி உரசி உரசிப் பெயிண்ட் போன இடம்,
எஞ்சின் பிடிக்குமுன் வருகிற
அந்த ஒற்றை இருமல்,
எல்லாம் இருக்கிறது.
குறை கண்டுபிடிக்கவென்றே கேமராவைக் கீழே இறக்கினேன்.
வலப்பக்க மூடியில் பதினொரு திருகு.
பன்னிரண்டு இருக்க வேண்டும்!
மேஜையைத் தட்டினேன்.
காபி சிந்தியது.
பிறகுதான் உறைத்தது.
ஏதோ அருங்காட்சியகத்தில் நிற்கிற அசலைப் பார்த்து
அப்படியே எடுத்திருக்கிறார்கள்.
பன்னிரண்டாவதை யாரோ பனியில் தொலைத்திருக்கிறான்.
முப்பத்தொரு டிகிரி உறைகுளிரில்
விரல் மரத்த எவனோ.
நானாகவும் இருக்கலாம்.

சரி, ஓட்டிப் பார்ப்போம்.

முதல் தடவை ஆற்றில்.
இரண்டாம் தடவை பைன் மரங்களில்.
நான்காம் தடவை
மூக்கைத் தூக்கியபடி, ஓசையில்லாமல்,
கை நழுவிய தட்டுபோல் இறங்கினேன்.
கைப்பிடியை எந்தப் பக்கம் இழுத்தாலும்
கேட்கவில்லை.
கடிகார முள் மட்டும் சுற்றிச் சுற்றி விழுந்தது.

லெப்டினன்ட் ஹியெத்தலா ஒருநாள்
ஏணியின் கடைசிப் படியில் நின்றுகொண்டே இருந்தார்,
கால் ஆடியது.
குளிர் என்று நினைத்து
என் கம்பளித் தொப்பியைக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டார்.
ஒன்றும் சொல்லவில்லை.
முப்பது வருஷம் கழித்து
இந்தச் சுழல் நாற்காலியில்
என் கால் ஆடுகிறது.
அறையில் ஹீட்டர் இருபத்திரண்டில்.

ஒன்பதாம் தடவை சக்கரம் தரையைத் தொட்டது.
பொத்தானை அழுத்தினேன்.
பின்னால் பாராசூட் விரிந்தது, வட்டமாக, அழகாக.
விமானம் நின்றது.
பாராசூட் காணோம்.

விழவில்லை. பனியில் இழுபடவில்லை.
இருந்தது; இல்லை.

ரைலி ஈரத்தலையில் துண்டோடு வாசலில் நின்றாள்.
"எங்கே அது?"
"போய்விட்டது."
"யார் எடுத்தார்கள்?"
"யாருமில்லை. அந்த ஆள் இதில் இல்லை."

ஓடுபாதை முனைக்கு வேனை ஓட்டிக்கொண்டு போய்
விறைத்த துணியைக் கம்பளம்போல் சுருட்டி,
கூரை உயர்ந்த கூடத்தில் தொங்கவிட்டு,
சொட்டு நிற்கும்வரை காத்திருந்து,
மடித்து, மடித்து,
முழங்காலால் நெரித்துப் பெட்டிக்குள் திணிக்கிற ஆள்.
மடிப்பு பிசகினால்
நாளை ஒருவன் பாதை தாண்டிக் காட்டுக்குள் போவான் என்று
ராத்திரி எழுந்து உட்கார்கிற ஆள்.
ஓட்டியவர்களுக்கு அவன் முகம் தெரியும்.
பெயர் பாதிப் பேருக்குத் தெரியும்.

ரைலி என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள்.
வீட்டுக் காரையே ஓட்டத் தெரியாதவள்.
"நான் பறக்கிறேன். நீ போய் எடு."

சக்கரத்தை மடக்காமலே கிளம்பினாள்.
வடக்கே, ஒரே சிரிப்பு,
சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிய எரிய.
"திருப்பு, திருப்பு" என்று கத்தினேன்.
திருப்பினாள். எப்படியோ. பாதை தெரிந்தது,
கோணலாக, மிக வேகமாக வந்துகொண்டு.

நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.
என் கைகள்
கையுறையைத் தேடிக்கொண்டிருந்தன.